வாதம் நிற்குமா என்று பார்ப்பது எப்படி?

யாராவது ஒன்றை அடித்துச் சொன்னால், முதலில் அதன் முடிவைத் தனியே எடுத்து வையுங்கள். பெரும்பாலும் "ஆகவே", "அதனால்" என்பவற்றுக்குப் பின்னால் இருக்கும். சிலர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். பிறகு "ஏனென்றால்" என்று போட்டு, காரணங்களை வரிக்கு ஒன்றாக எழுதுங்கள்.

இனி இரண்டு சோதனை. காரணங்கள் உண்மையா என்பது ஒன்று. உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், முடிவு அவற்றிலிருந்து வருகிறதா என்பது மற்றொன்று. பலரும் முதலாவதோடு நிறுத்திவிடுகிறார்கள், சறுக்கல் அங்கேதான்.

"மழை பெய்தால் முற்றம் நனையும். முற்றம் நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்திருக்கிறது." காரணம் இரண்டும் சரி, ஆனால் முடிவு நிற்காது. குழாய் உடைந்திருக்கலாம், யாராவது கழுவிவிட்டிருக்கலாம். "முற்றம் நனையவில்லை, ஆகவே மழை பெய்யவில்லை" என்று மாற்றிப் பாருங்கள், இது நிற்கும்.

சொல்லாமல் விட்ட காரணத்தையும் தோண்டி எடுங்கள். "விலை அதிகம், அதனால் தரமானது" என்பதற்குள் "விலை கூடியதெல்லாம் தரமானது" ஒளிந்திருக்கிறது. எழுதிப் பார்த்தாலே பல்லிளித்துவிடும்.

நீங்கள் வாதிடும்போது, எதிரில் இருப்பவர் சொன்னதை அவரே "ஆமாம், அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்லிவிட்டு மறுத்துப் பேசுங்கள். "எல்லாரும்", "எப்போதும்" வேண்டாம். ஒரே ஒரு விதிவிலக்கைக் காட்டிக் கவிழ்த்துவிடுவார்கள். "பெரும்பாலும்" என்றால் தப்பிக்கலாம், அது உண்மையாக இருந்தால்.