மேட்டூரில் திறந்த காவிரித் தண்ணீர் திருச்சி அருகேயுள்ள முக்கொம்புக்கு எப்போது வரும், எவ்வளவு வரும்?

மேட்டூர் அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கனஅடி). அது நிரம்பிவிட்டால் மேலிருந்து வருவது அப்படியே கீழே போகும். அதனால் கணக்கை தமிழக எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் வரத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கனஅடி வந்தால் 1 டிஎம்சி. அணையில் 5 டிஎம்சி இடமிருந்து, திறப்பைவிட வரத்து 58,000 கனஅடி அதிகமென்றால் ஒரே நாளில் நிரம்பும். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளின் திறப்பைப் பார்த்தால் இன்னும் முன்கூட்டியே தெரியும், துல்லியம் குறையும்.

திறப்பு என்பது மின் நிலையங்கள் வழியாக வருவதும் உபரிநீர் போகும் 16 கண் மதகில் வருவதும் சேர்ந்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. கிழக்கு மேற்குக் கால்வாய்க்குப் போவதைக் கூட்ட வேண்டாம்.

அடுத்தது பயண நேரம். பழைய வெள்ளங்களில் சிறிதும் பெரிதுமாக நான்கைந்தை எடுத்து, மேலே உச்சம் தொட்ட நேரத்துக்கும் கீழே உச்சம் தொட்ட நேரத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறியுங்கள். தேங்காயை மிதக்கவிட்டு அளந்தால் நேரம் கூடுதலாக வரும், ஏனென்றால் வெள்ள அலை தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகத்தில் போகும். கரை வழிந்து படுகையில் பரவினால் அலை மெதுவாகும். ஆகவே ஒரே எண் போதாது. அளவுக்கேற்ப ஒரு அட்டவணை வேண்டும். பதிவேட்டில் இரவு 1 மணியிலிருந்து 5 மணிவரை ஒரே மட்டம் இருந்து, 6 மணிக்கு 40 செ.மீ. குதித்திருந்தால் ஆறு அப்படி ஏறவில்லை, இரவில் அளவுகோலை யாரும் பார்க்கவில்லை. அந்த வெள்ளத்தை ஒதுக்குங்கள்.

உச்சம் வழியில் தட்டையாவதைக் கணக்கிட, மேலே வரும் அளவிலிருந்து கீழே வரும் அளவைக் கணிக்கும் மஸ்கிங்கம் முறை போதும். பயண நேரம் 12 மணி, எக்ஸ் மதிப்பு (மேல்வரத்துக்குத் தரும் எடை) 0.2, படி (ஒரு கணக்குக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) 6 மணி என்று வைத்தால்:

புதிய கீழ்ப்போக்கு = 0.048 × இப்போதைய மேல்வரத்து + 0.428 × முந்தைய மேல்வரத்து + 0.524 × முந்தைய கீழ்ப்போக்கு

மேலே 20,000 கனஅடியாக இருந்தது 50,000க்கு ஏறி அங்கேயே நின்றால், கீழே 6 மணி நேரத்தில் 21,400, பன்னிரண்டில் 35,000, பதினெட்டில் 42,200. மூன்று கெழுக்களின் (பெருக்கும் எண்களின்) கூட்டுத்தொகை 1 வர வேண்டும். படியை 4.8 மணிக்குக் கீழே குறைத்தால் முதல் கெழு எதிர்மறையாகி, வெள்ளம் வரும்போது கீழே தண்ணீர் குறைவதாகக் காட்டும். மேட்டூரிலிருந்து முக்கொம்பு வரை ஒரே துண்டாகப் போடாமல், வழியில் கரூர் மாவட்டத்தில் கதவணை உள்ள மாயனூரில் வெட்டி இரண்டாகப் போடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் அதனதன் பயண நேரம்.

பவானி கூடுதுறையிலும், அதற்குக் கீழே நொய்யலும், கரூர் அருகே அமராவதியும் சேர்கின்றன. இவற்றின் இப்போதைய அளவை மேட்டூரின் இப்போதைய அளவோடு கூட்டுவது தவறு; ஒவ்வொன்றும் முக்கொம்பை எட்டும் நேரம் வேறு. நொய்யல் தென்மேற்குப் பருவத்தில் பெரும்பாலும் பொருட்டில்லை, ஐப்பசி மழையில் கவனியுங்கள்.

செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை போன்ற மின் கதவணைகளில் ஷட்டரை ஏற்றி இறக்கும்போது மட்டம் சிறிது துள்ளும். ஒரு மணி நேர ஏற்றத்தை நம்பாமல் தொடர்ந்து மூன்று வாசிப்புகளைப் பாருங்கள்.

மாயனூரில் கணக்கு 60,000 என்று சொல்லி, உண்மையில் 66,000 வந்தால், அந்த 6,000 பிழையை அடுத்த படியில் முழுதாகவும், அதற்கடுத்து பாதியாகவும், பின் கால்வாசியாகவும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று முறை ஒரே பக்கம் பிழை வந்தால் திருத்தம் போட்டு மூடி மறைக்காதீர்கள்: கிளையாறு விட்டுப்போயிருக்கும், அல்லது இடைவழியில் மழை.

கனஅடியை மட்டமாக மாற்றுவதில்தான் பெரும்பாலான கணிப்புகள் சறுக்குகின்றன. மணல் அள்ளிப் படுகை தாழ்ந்த இடத்தில், எத்தனை கனஅடிக்கு எவ்வளவு மட்டம் என்று சொல்லும் பழைய அட்டவணை மட்டத்தைக் கூட்டிக் காட்டும். அதே மட்டத்தில், வெள்ளம் ஏறும்போது இறங்கும்போதைவிட அதிகத் தண்ணீர் ஓடும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் மதகுகள் உடைந்ததுபோல் ஏதாவது நேர்ந்தால் அந்த இடத்தின் அட்டவணையே செல்லாது.

ஊராருக்குச் சொல்லும்போது ஒற்றை எண் வேண்டாம். ‘மாலை 4 மணியிலிருந்து 8 மணிக்குள், 55,000 முதல் 65,000 கனஅடி, அடுத்த அறிவிப்பு பகல் 12 மணிக்கு’ என்று வீச்சும் நேரமும் சேர்த்துச் சொல்லுங்கள்.