கருவி எங்கே செய்யப்பட்டது? உறையைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

ஸ்பேனர், சுத்தியல், டிரில் எதுவானாலும் நம் நாட்டில் செய்த கருவிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் வீட்டுக்கு எடுத்துப்போவது வெளிநாட்டுச் சரக்கு. கடைக்காரர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. உறையில் தென்படும் ஏதோ ஓர் அடையாளத்தை வைத்து, வாங்குபவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அப்படி அதிகம் ஏமாற்றுவது முகவரி. உறையின் பின்பக்கம் மும்பை என்றோ டெல்லி என்றோ இருந்தால் போதும், இந்தியப் பொருள் என்று நம்பிவிடுகிறோம். அந்த முகவரிக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. ‘இறக்குமதி செய்தவர்’, ‘சந்தைப்படுத்துபவர்’, ‘பொதிந்தவர்’, ‘உற்பத்தி செய்தவர்’ ஆகிய நான்கும் வேறு வேறு ஆட்களைக் குறிக்கும். இவற்றில் கடைசியானது மட்டுமே பொருள் எங்கே உருவானது என்பதைச் சொல்லும். சந்தைப்படுத்துபவரின் பெயர் பெரிய எழுத்திலும், மற்றவை எறும்பு எழுத்திலும் இருக்கும் உறைகளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. தினக்கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிங் பிளேயர் வாங்கும் எலக்ட்ரீசியனுக்கு அதைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கக் கூடாது.

சட்டம் இதில் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-இன்படி உள்நாட்டுப் பொருளின் உறையில் உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளாக இருந்தால், அது எந்த நாட்டில் தோன்றியது அல்லது செய்யப்பட்டது அல்லது பூட்டிச் சேர்க்கப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும் என்ற திருத்தம் 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. அதாவது நாட்டின் பெயரைப் போட வேண்டிய இந்தக் கட்டாயம் இறக்குமதிச் சரக்குக்குத்தான். உள்நாட்டில் செய்த சுத்தியலின் உறையில் ‘மேட் இன் இந்தியா’ என்று இல்லாமலும் போகலாம். அதற்காக அதை ஒதுக்கிவிட வேண்டாம். உற்பத்தி செய்தவர் என்ற வரியில் இந்தியத் தொழிற்சாலையின் முழு முகவரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இறக்குமதிச் சரக்கிலும் ஒரு கண்கட்டு உண்டு. ‘மேட் இன் பி.ஆர்.சி.’ என்று அச்சிட்டிருப்பார்கள். சீன மக்கள் குடியரசின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அது. ‘ஜெர்மன் தொழில்நுட்பம்’, ‘ஜப்பானில் வடிவமைக்கப்பட்டது’ என்ற வாசகங்களும் உற்பத்தி நாட்டைச் சொல்வதில்லை. குரோம் வனேடியம் என்பது எஃகின் வகை. அதை ஏதோ ஒரு நாட்டின் முத்திரையாக எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது பார்கோடு. 890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள், 690 முதல் 699 வரை என்றால் சீனப் பொருள் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகிறது. அந்த முன்னெண், பார்கோடு வாங்கிய நிறுவனம் பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் எந்த நாட்டுக் கிளையில் பதிவு செய்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். இந்தியாவில் பதிவு செய்த நிறுவனம் சீனாவிலிருந்து வரவழைத்த ஸ்பேனர் செட்டின்மேலும் 890 இருக்கலாம்.

ஐஎஸ்ஐ முத்திரையையும் இப்படியே தவறாகப் படிக்கிறோம். அது தரநிலையைக் குறிப்பது. வெளிநாட்டுத் தொழிற்சாலைகளும் இந்திய தர நிர்ணய அமைவனத்திடம் உரிமம் பெற்று அந்த முத்திரையைப் பதிக்க முடியும். அதற்கென்றே தனித் திட்டம் இருக்கிறது. ஆனாலும் முத்திரையால் பயன் உண்டு. அதன் மேலே இருப்பது தரநிலை எண். கட்டிங் பிளேயருக்கு ஐஎஸ் 3650, சுத்தியலுக்கு ஐஎஸ் 841. கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண். அந்த எண்ணை அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். பல்சக்கரங்களால் ஆன ‘மேக் இன் இந்தியா’ சிங்கமோ 2014-இல் தொடங்கிய ஓர் இயக்கத்தின் சின்னம். அது சான்றிதழ் ஆகாது.

பிராண்டின் பெயரை வைத்து நாட்டை ஊகிப்பது இன்னொரு பிழை. ஸ்வீடன் நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு தொடங்கிய டபாரியா என்ற கைக்கருவி நிறுவனத்தின் தொழிற்சாலை நாசிக்கில் இருக்கிறது. ஜலந்தரிலும் லூதியானாவிலும் அடித்து உருவாக்கப்படும் கைக்கருவிகள் வெளிநாட்டு பிராண்டுகளின் பெயரைத் தாங்கி அமெரிக்கா, ஐரோப்பா வரை போகின்றன. இதற்கு நேர்மாறாக, நம் ஊர்ப் பெயர் தாங்கிய பெட்டிக்குள் வெளிநாட்டுச் சரக்கு இருப்பதும் உண்டு. ஒரே பிராண்டில் ஸ்பேனர் உள்நாட்டிலும், பேட்டரி டிரில் வெளிநாட்டிலும் செய்யப்பட்டிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு பொருளின் உறையையும் தனித்தனியே படித்தாக வேண்டும். பேட்டரி டிரில்லைப் பொறுத்தவரை இன்னும் கவனம் தேவை: இங்கே பூட்டிச் சேர்த்த இயந்திரத்திலும் லித்தியம் செல்கள் பெரும்பாலும் இறக்குமதியாகவே இருக்கும். எவ்வளவு பங்கு உள்ளூரில் செய்யப்பட்டது என்பதை அரசே தன் கொள்முதலில் விழுக்காட்டால்தான் அளக்கிறது. 50 விழுக்காடும் அதற்கு மேலும் உள்நாட்டு மதிப்பு இருந்தால் முதல் வகை உள்ளூர் வழங்குநர், 20 முதல் 50-க்குள் இருந்தால் இரண்டாம் வகை.

உறையே இல்லாமல் உதிரியாக விற்கும் கருவிகளில் எஃகின்மேல் பதிந்திருப்பதைப் பாருங்கள். உறையும் ஸ்டிக்கரும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். உலோகத்தோடு சேர்த்து அடித்த பெயரை மாற்றுவது கடினம். திருப்பாச்சேத்தி அரிவாள் போன்ற பட்டறைப் பொருளில் லேபிளைத் தேடிப் பயனில்லை. எந்த இரும்பில் அடித்தது, துவைச்சல் (சூடான இரும்பைத் தோய்த்துக் கடினமாக்குவது) எப்படிப் போட்டது என்று அடித்தவரிடமே கேட்டு வாங்குங்கள். தொழில் தெரிந்தவர் மகிழ்ச்சியோடு விளக்குவார்.

இத்தனைக்கும் பிறகு, உள்நாட்டுப் பொருள் என்று உறுதியானதும் தரத்தைப் பார்க்காமல் வாங்குவதுதான் ஆபத்தான தவறு. உற்பத்தி நாடு என்ற வரி இடத்தை மட்டும் சொல்லும். தைவானில் அருமையான கருவிகள் செய்கிறார்கள். இங்கும் மட்டமானவை உண்டு. கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டும் முனைகளுக்கு நடுவே ஒளி கசியக் கூடாது. விரித்து மூடும்போது ஆணி ஆடக் கூடாது. மின்வேலைக்கு என்றால், கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருப்பதாலேயே மின்காப்பு இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற பதிவும் இருப்பதுதான் அதற்கெனச் சோதிக்கப்பட்ட கருவி. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் நாட்டுப்பற்று இந்தச் சோதனைக்கு ஈடாகாது.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. உற்பத்தி நாட்டைப் பொருளின் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. ஆர்டர் செய்யும்போதே அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வந்த பெட்டியில் வேறு நாடு இருந்தால் இரண்டையும் காட்டித் திருப்பி அனுப்பலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். உறையில் உற்பத்தியாளர் விவரமே இல்லை என்றால், தமிழ்நாட்டில் அதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் பில்லோடும் உறையோடும் எழுதிக் கொடுங்கள்.