பெருங்குடல் புற்றில் கீமோகைன் ஏற்பிகள்: வழுக்கும் இடங்கள்

"கீமோகைன் ஏற்பிகள் புற்றுக்குப் புது ரத்தக் குழாய்களை வளர்க்கின்றன." மாணவர்களின் வரைவுகளில் நான் முதலில் அடிக்கும் வரி இதுதான். (கீமோகைன்கள் செல்களை வரவழைக்கும் சிறு சைகைப் புரதங்கள்; செல்லின் மேல் நின்று அவற்றைப் பிடிப்பவை ஏற்பிகள்.) அந்த ஏற்பிகளில் ஒன்றான சிஎக்ஸ்சிஆர்2 வளர்க்கும், சரி. அதே குடும்பத்துச் சிஎக்ஸ்சிஆர்3, குழாய்ச் சுவர்ச் செல்களில் இருந்தால், வளரவிடாமல் தடுக்கும்.

சிஎக்ஸ்சிஆர்2-ஐத் தூண்டும் கீமோகைன்களின் முன்பகுதியில் குளூட்டமிக் அமிலம், லூசின், ஆர்ஜினின் என்ற மூன்று அமினோ அமிலங்களும் வரிசையாக நிற்கும். 1995-இல் ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட ஒரு கீமோகைனான இன்டர்லூக்கின்-8-இன் அந்த மூன்று அமினோ அமிலங்களை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். குழாயை வளர்த்த புரதம் குழாயைத் தடுக்கும் புரதமாகிவிட்டது!

அடுத்தது, எந்தச் செல்லில் என்று கேட்காமல் விடுவது. புற்றுத் திசுவை அரைத்து ஆர்என்ஏ எடுத்து, 'சிஎக்ஸ்சிஆர்2 கூடியிருக்கிறது' என்றால் அது பாதிச் சேதிதான். நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் மேலெல்லாம் அந்த ஏற்பி உண்டு; அழற்சியுள்ள குடலில் அவை கூட்டமாக வந்து நின்றாலே எண் ஏறிவிடும். அந்த நியூட்ரோபில்கள் எம்எம்பி-9 என்ற நொதியைக் கொட்டி, சுற்றுத் திசுவில் சிக்கிக் கிடக்கும் விஇஜிஎஃப் என்ற குழாய் வளர்க்கும் புரதத்தை விடுவிக்கும் என்பது வேறு. அப்படிக் குழாய் வளர்ந்தாலும் குழாய்ச் சுவரில் ஏற்பியே வேண்டியதில்லை. அதனால் குழாய்ச் சுவர்ச் செல்களைக் காட்டும் சிடி31 சாயத்தோடு சேர்த்து இரட்டைச் சாயமிட்ட சிலைடைப் பாருங்கள். ஏற்பியின் நிறம் குழாய் வளையத்தின் மேலேயே படிகிறதா, பக்கத்தில் ஒண்டியிருக்கும் செல்லிலா?

சுண்டெலியில் இன்டர்லூக்கின்-8 அளந்ததாக எழுதாதீர்கள். சுண்டெலிக்கு அந்த மரபணுவே இல்லை. சிஎக்ஸ்சிஎல்1 போன்ற உறவுக்காரர்கள்தான் அங்கே வேலை பார்க்கிறார்கள். மேட்ரிஜெல் என்ற ஆய்வகக் கூழில் செல்கள் வலைபோல் கோத்துக்கொண்டதும் 'குழாய் வளர்ந்தது' என்று முடிப்பதும் அவசரம். குழாய்ச் செல்லே அல்லாத ஃபைப்ரோபிளாஸ்ட்கள்கூட அங்கே வலை பின்னும்.

அப்புறம், மருந்து. 2004-இல் அமெரிக்காவில் பரவிய பெருங்குடல் புற்றுக்கு அனுமதி பெற்ற பெவாசிசுமாப் விஇஜிஎஃப்பைப் பிடிப்பது; கீமோகைன் ஏற்பியைத் தொடுவதில்லை. இன்னொரு கீமோகைன் ஏற்பியான சிஎக்ஸ்சிஆர்4-ஐ அடைக்கும் பிளெரிக்சாஃபர் 2008-இல் அனுமதி பெற்றது, ஆனால் எலும்பு மஜ்ஜையிலிருந்து குருத்தணுக்களை ரத்தத்துக்கு வரவழைக்க. 'சிஎக்ஸ்சிஆர்4-க்கு மருந்து வந்தாச்சு' என்று குடல் புற்று நோயாளியின் வீட்டாரிடம் சொல்லிவிடாதீர்கள். மறுநாளே மருந்துக்கடையில் போய்க் கேட்பார்கள்.