எடென்டன் மருத்துவர் வீட்டின் கதையைக் குழுவாகப் படிப்பது எப்படி

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைமுறை சட்டப்படி நடந்த காலத்து மருத்துவர் ஒருவரின் வாழ்க்கையை அறிய விரும்புகிறவர், பெரும்பாலும் அவருடைய கடிதங்களையும் கணக்கேடுகளையும் குடும்பத்தார் காத்து வைத்த பத்திரங்களையுமே முதலில் கையில் எடுப்பார். அவற்றை எழுதியவர் கல்வி கற்றவர், மனைவி மக்கள்மீது பற்று உள்ளவர், ஊரில் மதிப்புப் பெற்றவர். ஆகவே நாலு பக்கம் படிப்பதற்குள் நாமும் அவர் பக்கம் சாய்ந்துவிடுவோம். பெங்களூரு அல்சூரில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் எங்கள் தமிழ் வாசிப்புக் குழு முதல் முறை செய்த தவறும் இதுதான். இரண்டு கூட்டங்கள் முழுக்க மருத்துவரைப் பற்றியே பேசினோம். அவர் வீட்டில் அவருக்குச் சொத்தாக இருந்த மனிதர்களின் பெயர் ஒன்றைக்கூட எங்களால் சொல்ல முடியவில்லை. அதன்பின் வேறு ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்து, வேறு வரிசையில் படித்தோம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு ஏற்ற வீடு, வட கரோலினா மாநிலத்தின் எடென்டன் என்னும் சிறு துறைமுக ஊரில் இருந்த டாக்டர் ஜேம்ஸ் நார்கோமின் வீடு. அவர் 1850இல் இறந்தார். அவருடைய குடும்பப் பத்திரங்கள் வட கரோலினா மாநில ஆவணக்காப்பகத்தில் உள்ளன. இத்தகைய பத்திரங்கள் பல குடும்பங்களுக்கு உண்டு. ஆனால் நார்கோம் வீட்டில் அடிமையாக வளர்ந்த ஹேரியட் ஜேக்கப்ஸ் அங்கிருந்து தப்பி, தன் வாழ்க்கையைத் தானே ‘இன்சிடென்ட்ஸ் இன் த லைஃப் ஆஃப் எ ஸ்லேவ் கேர்ள்’ என்னும் நூலாக எழுதி, 1861இல் ‘லிண்டா ப்ரெண்ட்’ என்னும் புனைபெயரில் வெளியிட்டார். மருத்துவருக்கு அவர் இட்ட பெயர் ‘டாக்டர் ஃபிளிண்ட்’. ஒரே வீட்டை உடைமையாளர் எழுத்திலும் உடைமையாக்கப்பட்டவர் எழுத்திலும் படிக்கக் கிடைப்பது மிக அரிது. வட கரோலினா பல்கலைக்கழகம் அந்த நூலை முழுமையாக இணையத்தில் வைத்திருப்பதால், மெட்ரோவில் போகும்போது கைப்பேசியிலேயே படித்துவிடலாம். எங்கள் குழுவில் தமிழ் பேசத் தெரிந்து வாசிக்கத் தெரியாதவர்களும், கன்னட வழியில் படித்தவர்களும் உண்டு என்பதால், ஒருவர் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் வாசிக்க, அடுத்தவர் அதைத் தமிழில் திருப்பிச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். திருப்பிச் சொல்லும்போதுதான் எது விளங்கவில்லை என்பது வெளியே வரும்.

முதல் கூட்டத்தில் எதையும் வாசிக்க வேண்டாம்; ஒரு சார்ட் தாளில் அந்த வீட்டாரின் உறவுகளை வரையுங்கள். மருத்துவரின் மனைவி ஹார்னிப்லோ குடும்பத்துப் பெண். அந்தக் குடும்பத்தின் அடிமை, ஹேரியட்டின் பாட்டி மாலி. மாலியின் மகளும் (ஹேரியட்டின் தாய்) எசமானியின் மகள் மார்கரெட்டும் மாலியிடமே பால் குடித்து வளர்ந்தவர்கள். எசமானியின் குழந்தைக்குப் பால் போதவேண்டும் என்பதற்காக மாலியின் குழந்தைக்கு மூன்றாம் மாதத்திலேயே பால் மறக்கடிக்கப்பட்டது என்று ஹேரியட் எழுதுகிறார். தாளில் இந்த இரு குழந்தைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, உறவுக்கு ஒரு நிறக் கோடும் உடைமைக்கு வேறு நிறக் கோடும் இடுங்கள். 1825இல் அந்த மார்கரெட் ஹார்னிப்லோ இறந்தபோது, தனக்கு உரிமையான சிறுமி ஹேரியட்டைத் தன் சகோதரியின் மகளுக்கு உயில் எழுதி வைத்தார். அந்த மகள் மருத்துவரின் குழந்தை மேரி மட்டில்டா. அப்போது அவளுக்கு மூன்று வயது. சட்டப்படி ஹேரியட்டின் உடைமையாளர் மருத்துவர் அல்லர், நடக்கப் பழகி ஓரிரு ஆண்டுகளே ஆன ஒரு குழந்தை. இதைத் தாளில் கட்டாயம் குறித்துவையுங்கள். பிற்காலத்தில் ஹேரியட்டை விலைக்குக் கேட்டவர்களிடம், அவள் என் மகளின் சொத்து, விற்க எனக்கு உரிமை இல்லை என்று மருத்துவர் மறுத்தது ஏன் என்பது அப்போதுதான் புரியும்.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதை நினைவுக்கு வரும். கிழவராக வந்த இறைவன் நீட்டிய ஆளோலையில், பாட்டன் தனக்கும் தன் வழியினருக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்ததாக இருக்கும். வழிவழி அடிமை என்பது நமக்குப் புதிய கருத்து அன்று. வேறுபாட்டையும் சொல்லிவிடுங்கள்: வர்ஜீனியா 1662இல் இயற்றிய சட்டம், பிறக்கும் குழந்தையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்று வகுத்தது, பிற தென் பகுதிகளும் அதே வழியில் போயின. தகப்பன் யாராக இருந்தாலும், அவன் அந்த வீட்டு எசமானாகவே இருந்தாலும், அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தை அடிமைதான். ஹேரியட் பருவமடையும் வயதில் மருத்துவர் அவளைத் தகாத சொற்களால் தொடரத் தொடங்கியதையும், மருத்துவரின் மனைவி கணவனிடம் காட்ட முடியாத கோபத்தை அந்தப் பெண்ணிடம் காட்டியதையும் படிக்கும்போது இந்தச் சட்டம் நினைவில் இருக்க வேண்டும். நூலின் அந்த அத்தியாயங்களைப் படிக்கும் நாளில் சிறு பிள்ளைகளைக் கூட்டத்துக்கு அழைத்துவர வேண்டாம்.

அடுத்தது சொற்கள். எங்கள் குழு ஒரு முழு மாலையை இதற்கே செலவிட்டது, அது வீண்போகவில்லை. தென் மாநிலக் குடும்பங்கள் கடிதங்களில் அடிமைகளை அடிமைகள் என்று எழுதுவது குறைவு; ‘சர்வன்ட்’ என்றோ ‘நம் ஆட்கள்’ என்றோ ‘குடும்பம்’ என்றோதான் எழுதுவார்கள். அதை வேலைக்காரர் என்று தமிழாக்கினால், சம்பளம் வாங்கி மாலையில் வீடு திரும்பும் ஒருவர் நம் மனக்கண்ணில் வந்து நிற்பார். பண்ணையாள், படியாள் என்ற சொற்களும் பொருந்தா. அவற்றுக்குச் சாதியும் கடனும் நெல்லளவும் சேர்ந்த தனி வரலாறு உண்டு. அதை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் இரண்டு வரலாறும் மங்கும். ‘பிளான்டேஷன்’ என்பதைத் தோட்டம் என்றாலோ கங்காணியும் தேயிலையும் வந்துவிடும். ஆகவே ‘அடிமைப்படுத்தப்பட்டவர்’ என்ற நீண்ட சொல்லை முதலில் ஒருமுறை சொல்லிவிட்டு, பிறகு அந்த மனிதரின் பெயரையே சொல்வது என்று முடிவு செய்தோம். பெயர் தெரியாத இடத்தில் ‘பெயர் எழுதப்படவில்லை’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்பவர்களுக்குச் சலிப்புத் தட்டும் அளவுக்கு அது திரும்பத் திரும்ப வரும், வரட்டும்.

மூன்றாவதாக, மருத்துவத் தொழிலைப் புரிந்துகொள்ளுங்கள். அன்றைய மருத்துவரின் கைவசம் இருந்தவை இரத்தம் வடித்தல், கொப்புளம் எழுப்பும் பற்று, கலோமெல் என்னும் பாதரச உப்பு, அபின், குயினைன் ஆகியவை. ஓர் அடிமைக்கு மருத்துவம் பார்த்தால் கட்டணம் தருபவர் உடைமையாளர்; ஆகவே கணக்கேட்டில் உடைமையாளரின் பெயர் இருக்கும், நோயாளி ‘நீக்ரோப் பெண்’ என்றோ ‘சிறுவன்’ என்றோ இருப்பார். எந்த மருத்துவரின் கணக்கேட்டைப் படித்தாலும், ஒவ்வொரு பதிவிலும் பணம் கொடுத்தவர் யார், வலி யாருடையது என்று தனித்தனியே கேளுங்கள். மனிதர்களை விற்கும்போது உடல் பழுதற்றது என்று சான்று தருவதும், விற்ற பின் நோய் வெளிப்பட்டு வழக்கு நடந்தால் சாட்சி சொல்வதும் மருத்துவருக்கு வருமானம் தந்த வேலைகள். சந்தையில் ஒருவருக்கு என்ன விலை கிடைக்கும் என்பதில் மருத்துவரின் சொல்லுக்கு எடை இருந்தது.

மருத்துவமும் உடைமையும் எவ்வளவு தூரம் ஒன்றுகலந்தன என்பதற்கு, அலபாமாவின் மான்ட்கோமரி நகரில் தொழில் நடத்திய ஜே. மேரியன் சிம்ஸை நார்கோமுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். பிள்ளைப்பேற்றின்போது உண்டான கிழிசலால் சிறுநீர் ஓயாமல் ஒழுகும் துன்பத்துக்கு அவர் 1845 முதல் 1849 வரை அறுவை முறை தேடினார். தன் வீட்டுக்குப் பின்னால் எழுப்பிய சிறு மருத்துவமனையில் அவர் வைத்திருந்த நோயாளிகள் அடிமைப் பெண்கள். அனார்ச்சா, பெட்சி, லூசி என்னும் மூவரின் பெயர்கள் மட்டுமே நமக்குத் தெரியும், அதுவும் அவரே எழுதியதால். மயக்க மருந்து இல்லாமல் அனார்ச்சாவுக்கு மட்டும் ஏறத்தாழ முப்பது அறுவைகள் நடந்தன. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதர் மயக்கம் ஊரறியக் காட்டப்பட்ட பிறகும் இது தொடர்ந்தது. வெள்ளிக் கம்பித் தையலால் அவர் இறுதியில் வெற்றி கண்டார். அந்த முறை பிற்காலத்தில் எண்ணற்ற பெண்களின் துயரைத் தீர்த்ததும் உண்மை. நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் ஓரத்தில் நின்ற அவர் சிலை 2018 ஏப்ரலில் அகற்றப்பட்டது. எங்கள் குழுவில் இதைப் பற்றி இரண்டு மணி நேரம் வாதம் நடந்தது. என் கருத்தை மறைக்கவில்லை: மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் சம்மதம் வாங்கினேன் என்று ஒரு மருத்துவர் எழுதினால், அந்தச் சம்மதத்தை நான் சம்மதமாகக் கொள்ளமாட்டேன்.

இப்போது நார்கோமின் சொந்த எழுத்துக்கு வரலாம். 1835இல் ஹேரியட் தப்பியதும், ஜூன் 30 நாளிட்டு வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகர நாளேடு ஒன்றில் அவர் விளம்பரம் கொடுத்தார். பிடித்துத் தருபவருக்கு 100 டாலர். அதை ஒருவர் மெதுவாக வாசிக்கட்டும். வயது 21, உயரம் 5 அடி 4 அங்குலம், பருத்த உடல்வாகு, இயல்பாகச் சுருண்டாலும் எளிதில் வாரி நேராக்கக்கூடிய அடர்ந்த கருங்கூந்தல், தங்குதடையில்லாத பேச்சு, பார்ப்பவர் விரும்பும் நடை, தையலில் நல்ல தேர்ச்சி. எங்கள் குழுவில் முப்பது ஆண்டுகள் செவிலியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா உண்டு. சிஸ்டர் என்றுதான் எல்லோரும் அழைப்போம். வாசித்து முடித்ததும் தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி ஒருமுறை பார்த்தார். “தம்பி, இது கேஸ் ஷீட் மாதிரி இல்ல எழுதியிருக்காரு? ஆனா தலைமுடி வாரினா நேராகும்ங்கிறது எப்படித் தெரியும்?” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. விளம்பரங்களை இப்படித்தான் படிக்க வேண்டும்: எழுதியவர் எதைக் கவனித்திருக்கிறார், அதைக் கவனிக்கும் அளவுக்கு ஏன் நெருங்கினார் என்று.

மருத்துவர் தேடிய நாட்களில் ஹேரியட் அதே ஊரில், பாட்டி வீட்டுக் கொட்டகையின் கூரைக்கு அடியில் இருந்தார். நீளம் 9 அடி, அகலம் 7 அடி, மிக உயர்ந்த இடத்தில் உயரம் 3 அடி. அங்கே ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். இந்த எண்களை வாசித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். நாங்கள் கூடும் பழைய வீட்டின் சிவப்பு ஆக்சைடு தரையில் டேப் வைத்து அளந்து, சாக்பீஸால் கோடு போட்டோம். தரையளவில் அது ஒரு சிறிய அறை போலத்தான் தெரிந்தது. பிறகு சாப்பாட்டு மேசையை அதன் நடுவில் கொண்டுவந்து வைத்தோம். மேசை இரண்டரை அடி உயரம், மேலே இன்னும் அரை அடிதான் இருக்கிறது, அதுவும் கூரையின் உச்சிக் கோட்டில் மட்டும், இரு பக்கமும் சரிவு. அதன்பின் யாரும் கோட்டுக்குள் காலை வைக்கவில்லை. கையில் கிடைத்த ஒரு தமரூசியால் பலகையில் துளையிட்டு, தெருவில் போகும் தன் இரண்டு பிள்ளைகளை அவர் அங்கிருந்து பார்த்ததைப் படிக்கும்போது அந்தச் சாக்பீஸ் கோடு தரையில் அப்படியே இருக்கட்டும்.

ஆவணங்களைச் சோதிக்கும் வேலையும் இங்கேதான் வருகிறது. ஒளிந்திருந்தபோது ஹேரியட் மருத்துவருக்குக் கடிதங்கள் எழுதினார். நியூயார்க் செய்தித்தாள் ஒன்றின் துண்டிலிருந்து தெருப் பெயர்களை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து எழுதுவதுபோல நாளிட்டு, நம்பகமான ஒருவர் மூலம் அங்கே கொண்டுபோய் அஞ்சலில் சேர்த்தார். ஆகவே ஒரு கடிதத்தில் இருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மறுபக்கம், ஹேரியட்டின் நூல் நெடுங்காலம் கற்பனைக் கதை என்றே பலரால் ஒதுக்கப்பட்டது. ஜீன் ஃபேகன் யெல்லின் என்னும் ஆய்வாளர் 1980களில் ஹேரியட்டின் கடிதங்களையும் நார்கோம் குடும்பப் பத்திரங்களையும் ஒப்பிட்டு, அதில் வருபவர்கள் யார் யார் என்று நிறுவினார். 1987இல் அவருடைய பதிப்பு வந்தது. ஹேரியட் எழுதியது உண்மை என்பதற்கு மருத்துவரின் பத்திரப் பெட்டியே சாட்சி சொல்லவேண்டி இருந்தது. உங்கள் குழுவிலும் இருவருக்கு இதே வேலையைக் கொடுங்கள்: நூலில் வரும் ஒரு நிகழ்ச்சியை எடுத்து, அதற்கு உயிலோ விளம்பரமோ விற்பனைச் சீட்டோ இருக்கிறதா என்று தேடி வரட்டும்.

வேறு மருத்துவர்களின் குடும்பங்களுக்குப் போக விரும்பினால், 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் அடிமைக் கணக்கெடுப்புப் பட்டியல்கள் ஃபேமிலிசெர்ச் என்னும் குடும்ப வரலாற்று இணையதளத்தில் கிடைக்கும். உடைமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் போன்றவையே வரிசையாக இருக்கும்; மிகச் சிலவற்றைத் தவிரப் பெயர்கள் இரா. 1870 கணக்கெடுப்பில்தான் விடுதலை பெற்ற எல்லோரும் பெயருடன் வருகிறார்கள். 1860இல் ‘பெண், 12’ என்று இருப்பவரை 1870இல் அதே ஊரில் 22 வயதுப் பெண்களிடையே தேடலாம், ஆனால் வயதுகள் தோராயமானவை. இன்னொரு சான்று கிடைக்கும்வரை பெயரைப் பொருத்திவிடாதீர்கள்.

கடைசிக் கூட்டத்துக்கு முதல் நாள் வரைந்த சார்ட்டை மறுபடி எடுத்துச் சுவரில் மாட்டுங்கள். 1842இல் ஹேரியட் வடக்கே போய்ச் சேர்ந்தார். மருத்துவர் இறந்த பிறகும் மூன்று வயதில் உடைமையாளர் ஆன மேரி மட்டில்டாவின் உரிமை சட்டப்படி உயிரோடு இருந்தது; திருமணமான அவள் கணவனுடன் நியூயார்க்குக்குத் தேடி வந்தாள். 1852இல் ஹேரியட் வேலை பார்த்த வீட்டின் கார்னீலியா வில்லிஸ் 300 டாலர் கொடுத்து அந்த உரிமையை முடித்தார். தன்னை விலைக்கு வாங்க வேண்டாம் என்று ஹேரியட் முன்பே சொல்லியிருந்தார். விற்பனைச் சீட்டு எழுதப்பட்டதை அறிந்தபோது அவருக்கு நிம்மதியும் வந்தது, அவமானமும் வந்தது. அந்தப் பகுதியை அவருடைய சொற்களிலேயே வாசித்துவிட்டு, சார்ட்டில் உடைமைக்கு இட்ட நிறக் கோட்டின் முனையில் ஆண்டையும் தொகையையும் எழுதுங்கள்.