நாய்க்குட்டி வீட்டுக்கு வந்ததும் முதல் இரண்டு வாரம்: எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

இரண்டு மாதக் குட்டி ஒன்று புது வீட்டுக்கு வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். வந்த கையோடு குளிப்பாட்டுவார்கள். ஒரு கிண்ணம் பால் வைப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வரை எல்லாரும் மாற்றி மாற்றித் தூக்குவார்கள். இருட்டியதும் மொட்டை மாடியிலோ வராந்தாவிலோ தனியாக விட்டுவிடுவார்கள். இரண்டு நாளில் கழிச்சல், ராத்திரி முழுக்க அழுகை. ராஜபாளையமோ லாப்ரடாரோ தெருவில் பிறந்ததோ, எந்தக் குட்டிக்கும் முதல் பதினைந்து நாள் செய்யவேண்டியது குறைவு, தள்ளிப்போட வேண்டியதுதான் அதிகம்.

1. கூட்டி வருவதற்கு முன்

எட்டு வாரம் முடியாத குட்டியை வாங்காதீர்கள். இந்தியாவில் 2017-இல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி அதற்கு முன் விற்கவும் கூடாது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும்தான் கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்தால் அந்தப் பாடத்தை உங்கள் கையில் படிக்கும்.

குட்டியைத் தருபவரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இப்போது என்ன சாப்பிடுகிறது, குடற்புழு மருந்து கடைசியாக எந்தத் தேதியில் கொடுத்தார்கள், தடுப்பூசி போட்டிருந்தால் அதற்கான அட்டை எங்கே. தாய் படுத்த பழைய துணி ஒரு துண்டு கிடைத்தால் கூடவே வாங்கி வாருங்கள்.

வீட்டில், ஆட்கள் கண்ணில் படும் ஒரு மூலையை ஒதுக்குங்கள். டைல்ஸ் தரையில் குட்டியின் கால் வழுக்கி அகலும். அது நடமாடும் இடத்தில் கோணிப்பையோ ரப்பர் பாயோ விரித்துவிடுங்கள். பால்கனி கிரில் இடைவெளியில் குட்டியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும், எனவே வலை கட்டிவிடுங்கள். எலி மருந்து, அந்துருண்டை, கொசுவர்த்தி, செல்போன் சார்ஜர் வயர் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேலே போகட்டும். சாமான் அதிகம் வேண்டாம்: இரண்டு எவர்சில்வர் கிண்ணம், கடித்து விளையாட இரண்டு ரப்பர் பொம்மை, லேசான கழுத்துப் பட்டை, கயிறு, ஒரு கட்டுப் பழைய செய்தித்தாள். இரும்புச் சங்கிலி வேண்டவே வேண்டாம்.

2. முதல் நாள்

காலையில் கூட்டி வாருங்கள். சாயங்காலம் வந்தால் இடம் பழகுமுன்பே இருட்டிவிடும். வாசலுக்குள் விடும் முன், இனி அது ஒன்றுக்குப் போகவேண்டிய இடத்தில் இறக்கி ஐந்து நிமிடம் நில்லுங்கள். பிறகு தண்ணீர் காட்டி, மூலையில் விட்டுவிடுங்கள். அதுவே மோந்து பார்த்துக்கொண்டு வரட்டும்.

குளிப்பாட்டுவதை ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள். அழுக்காக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

இந்த வயதில் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்கும். தூங்கும் குட்டியைத் தொடக்கூடாது, தரையில் உட்கார்ந்துதான் தூக்கவேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். நின்றபடி தூக்கிக் கீழே நழுவவிட்டால் முன்னங்கால் எலும்பு முறியலாம்.

3. முதல் ராத்திரி

உயரமான அட்டைப்பெட்டியில் துணி போட்டு, உங்கள் படுக்கைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். எட்டு மணிக்குக் கடைசிச் சாப்பாடு, பத்தரைக்கு ஒருமுறை வெளியே, இரண்டு மணி வாக்கில் இன்னொருமுறை. அப்போது பேச்சோ விளையாட்டோ வேண்டாம். ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்ததும் அழுதால் கையைப் பெட்டிக்குள் நீட்டினால் போதும், அடங்கிவிடும். "அழுது அழுது பழகிக்கட்டும்" என்பது பழைய யோசனை. அப்படிப் பழகுவது பயம்தான். ஒரு வாரம் போனபின் பெட்டியைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீங்கள் நினைத்த இடத்துக்கு நகர்த்தலாம்.

4. ஒன்று, இரண்டுக்குப் பழக்குவது

பலரும் பொறுமை இழப்பது இங்கேதான். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: குட்டியின் வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் அது அடக்கக்கூடிய உச்சம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். விழித்திருக்கும்போது அதுவும் தாங்காது. ஆகவே தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு 5 முதல் 20 நிமிடத்துக்குள், விளையாடி முடித்ததும், இவை தவிர இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று அதே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். அடுக்குமாடி வீட்டில் பால்கனியில் விரித்த செய்தித்தாளே அந்த இடம். தரையை மோந்தபடி வட்டமிட்டால் நேரம் வந்துவிட்டது.

இருந்து முடித்ததும், அங்கேயே, இரண்டு மூன்று விநாடிக்குள் ஒரு துண்டு அவித்த கோழி கொடுங்கள். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்ததாக அது நினைத்துக்கொள்ளும்.

வீட்டுக்குள் போய்விட்டால் அடிப்பதும் மூக்கை அதில் தேய்ப்பதும் ஒரே ஒரு பலனைத்தான் தரும்: அடுத்த முறை சோபாவுக்குப் பின்னால், உங்கள் கண்ணில் படாமல் போகும். ஃபினாயில் போட்டுத் துடைப்பதும் உதவாது. நம் மூக்குக்கு வாடை மறையும், குட்டியின் மூக்குக்கு மறையாது. துணியால் ஒற்றி எடுத்து, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். மார்பிள் தரையானால் வினிகர் அரித்துவிடும். அங்கே செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவம்தான் சரி.

5. சாப்பாடு

முதல் நான்கைந்து நாள் பழைய சாப்பாடே. பிறகு புதியதை முதலில் கால் பங்கு, அடுத்து பாதி, அப்புறம் முக்கால் என்று ஒரு வாரத்தில் மாற்றுங்கள். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பிறகு இரண்டு.

பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காமல் கழிச்சலைத் தரும். வெறும் சோறும் கறியும் மட்டும் போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து போதாமல் கால் வளையும். கடையில் பையில் விற்கும் நாய் உணவு கொடுப்பவர்கள் குட்டிகளுக்கென்று உள்ளதை வாங்குங்கள், அதற்குமேல் கால்சியம் டானிக் தேவையில்லை. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு என்பதால் சாம்பார் சாதம் கிடையாது. திராட்சை, கிஸ்மிஸ், சாக்லேட், வெந்த எலும்பு, மனிதர் போடும் பாராசிட்டமால் எதுவும் கூடாது.

6. டாக்டரும் தெருவும்

வந்த ஓரிரு நாளில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குடற்புழு மருந்து எடையைப் பொறுத்தது, ஆகவே கண் மதிப்பில் கொடுக்காதீர்கள். பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறாம் வாரம் வரை போகும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில்.

ஒரு ஊசி போட்டதும் தெருவில் இறக்கிவிடுவதுதான் பெரிய ஆபத்து. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம், அதனால்தான் பல தவணை. குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சோர்வு, வாந்தி, ரத்தக் கழிச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. வீட்டில் முன்பு பார்வோ வந்திருந்தால் தரையை நன்றாகக் கழுவியபின், ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டிவைக்கவும் கூடாது. மூன்றிலிருந்து பதினான்காம் வாரம் வரை பார்த்துக் கேட்டுப் பழகாதவற்றுக்குப் பின்னால் பயப்படும். கையில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ, குடை பிடித்தவர், ஹெல்மெட் போட்டவர் எல்லாம் காட்டுங்கள். மிக்சி, குக்கர் விசில் சத்தத்துக்கு அடுத்த அறையில் வைத்துத் தீனி கொடுத்துத் தொடங்குங்கள்.

உண்ணி கண்டால் மாட்டுக்கு அடிக்கும் மருந்தைத் தடவாதீர்கள். குட்டியின் வயதுக்கும் எடைக்கும் ஏற்றதை டாக்டர் சொல்வார்.

7. கடி

பால் பல் விழுந்து முடிய ஆறேழு மாத வயது ஆகும், அதுவரை கடிக்கும். கையை வெடுக்கென்று இழுத்தால் அது விளையாட்டாகிவிடும். கையை அசைக்காமல் வைத்துப் பொம்மையை வாயில் கொடுங்கள். விடாவிட்டால் எழுந்து அரை நிமிடம் நகர்ந்துவிடுங்கள். எப்போதும் இல்லாத மூர்க்கத்தோடு கடித்தால் பெரும்பாலும் தூக்கம் வந்திருக்கும்.

பல் பட்டுத் தோல் கிழிந்தால், குட்டிதானே என்று விடக்கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி பற்றிக் கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

சென்னையில் இருப்பவர்கள் மாநகராட்சி உரிமம் எடுக்கவேண்டும், நாயின் தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பும் உண்டு. உரிமத்துக்கு வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், ஆகவே தடுப்பூசி அட்டையை செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.