அம்மாவின் சக்கர நாற்காலியோடு கப்பல் பயணம்

சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் சொகுசுக் கப்பல்தான் எனக்கும் அம்மாவுக்கும் பிடித்தது. டிக்கெட் போடும் முன் சக்கர நாற்காலி அறை இருக்கிறதா என்று கேளுங்கள். கொஞ்சம்தான் இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். சாதாரண அறைகளில் கதவு குறுகல், குளியலறை வாசலில் சக்கரம் தட்டும். நாற்காலியின் அகலத்தை, சக்கரத்தைக் கையால் தள்ளும் வளையம் வரை சேர்த்து டேப்பால் அளந்து, அறைக்கதவின் அளவோடு ஒத்துப் பாருங்கள். நாற்காலியை வெளியே நடைவழியில் விட அனுமதி கிடையாது. பேட்டரி நாற்காலி என்றால் பேட்டரி வகை, எடை எல்லாம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம் துறைமுகம். பினாங்கில் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே கப்பல் அணையும். இறங்கினால் ஜார்ஜ் டவுன். குயின் தெரு மாரியம்மன் கோயில் பக்கம்தான். ஆனால் கடையோர நடைபாதைகள் மேடும் பள்ளமும், பல இடங்களில் படி வேறு. அம்மாவை வாகனத்தில்தான் அழைத்துப் போவேன்.

புக்கெட்டில் நிற்கும் இடம் படோங் கடற்கரை என்றால் கப்பல் கடலிலேயே நங்கூரம் போடும், சிறு படகில்தான் கரைக்குப் போகணும். அலை அதிகமானாலோ, நாற்காலியில் இருப்பவரால் நாலு எட்டு வைக்க முடியாவிட்டாலோ ஏற்ற மறுக்கலாம். எந்த ஊரில் படகு என்று பணம் கட்டுமுன் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.