பழைய போலோ ஜிடிக்கு சஸ்பென்ஷன் வேலை: காசை எந்த வரிசையில் இறக்குவது?

செகண்ட் ஹேண்டில் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ வாங்கியவர்கள், வண்டி வீட்டுக்கு வந்த வாரமே கேட்கும் கேள்வி, "வண்டியின் உயரத்தை எவ்வளவு இறக்கலாம்?" நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். 2013-ல் வந்த 1.2 லிட்டர் டர்போ, 105 பிஎஸ். எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வளைவில் மட்டும் உடம்பு சாய்கிறது, மூக்கு வெளியே தள்ளுகிறது. உயரத்தைக் குறைத்தால் தீரும் என்று ஒரு பட்டறையில் முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துப் போட்டுக்கொண்டேன். ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசிகளில் பாதி தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. ரோட்டில் சின்ன ஒட்டு இருந்தாலும் 'டக்'கென்று பம்ப் ஸ்டாப்பில் (சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது தடுக்கும் ரப்பர்) இடி. அடுத்த நொடி முன் சக்கரம் பிடியை விட்டு வெளியே நழுவும். அறுத்த ஸ்பிரிங்கை ஒட்டவா முடியும்? புதிதாக ஒரு ஜோடி வாங்கினேன். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்த வரிசை.

படி 1: இருப்பதைச் சரி பாருங்கள்

ஐந்தாறு வருடம் ஓடிய வண்டியில் பாதிக் குறை தேய்மானம்தான். சக்கரத்தைக் கழற்றி ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். தண்டு இறங்கும் இடத்துக்குக் கீழே எண்ணெயில் தூசி அப்பிக் கறுத்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பானெட்டை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனையை நம்ப வேண்டாம்; முழுதாகச் செத்த ஷாக் மட்டும்தான் அதில் மாட்டும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மேலே 'டொங்' என்றால் ஸ்ட்ரட் மவுண்ட்டை (முன் ஷாக்கின் தலையை வண்டியோடு பிடித்திருக்கும் பாகம்) பாருங்கள். மெதுவாக மேடுபள்ளத்தில் போகும்போது கடகடவென்றால் பெரும்பாலும் லிங்க் ராட் (ஆன்டி ரோல் பாரை, அதாவது வண்டி சாய்வதைத் தடுக்கும் கம்பியை, சஸ்பென்ஷனோடு இணைக்கும் சின்னத் தண்டு).

லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே தாங்கும் கையின் மூட்டில் இருக்கும் ரப்பர்) மாற்றினால் ஒரு விஷயத்தைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். வண்டி லிஃப்டில் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுவார்கள். அப்படி இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். சக்கரத்தின் மேல் வண்டியின் எடை வந்த பிறகுதான் கடைசி இறுக்கு. "அண்ணே, இறக்கிட்டு டைட் பண்ணுங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

படி 2: டயர்

பட்ஜெட்டில் பெரிய பங்கு இதற்குத்தான், இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் இருந்தாலும் கிழட்டு டயர் இறுகிப்போயிருக்கும்.

தொடக்க கால ஜிடியில் வந்த அளவு 185/60 ஆர்15. விட்டம் சுமார் 603 மி.மீ. அதே வீலில் 195/55 போட்டால் சுமார் 596. ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் பெரிதாகக் குழம்பாது. பக்கச் சுவர் குட்டையாவதால் ஸ்டியரிங் உடனே கேட்கும். 17 அங்குல அலாய்க்குப் போகாதீர்கள். கனம் கூடும், பள்ளத்தில் ரிம் வளையும்.

படி 3: அலைன்மென்ட்

முன்னால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) சரி செய்யலாம். கேம்பருக்கு (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) சப்ஃபிரேமை, அதாவது லோயர் ஆர்ம்கள் மாட்டியிருக்கும் சட்டத்தை, தளர்த்திக் கொஞ்சம் நகர்த்தி, இரண்டு பக்கத்தையும் சமமாக்கலாம், அவ்வளவுதான். பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம்) என்பதால் திருக ஒன்றுமில்லை. ஆனாலும் பின் அளவையும் அச்சிட்டு வாங்குங்கள், பீம் வளைந்திருந்தால் அதில் தெரியும்.

படி 4: டேம்பர்

உடம்பு எவ்வளவு சாயும் என்பதை ஸ்பிரிங்கும் ஆன்டி ரோல் பாரும் தீர்மானிக்கும். எவ்வளவு வேகமாகச் சாயும் என்பது டேம்பர், அதாவது ஷாக் அப்சார்பர் கையில். இது புரிந்தால் நம்ம ஊர் ரோட்டுக்கு ஸ்பிரிங்கைத் தொடாமல் நல்ல டேம்பர் மட்டும் போடுவது ஏன் புத்திசாலித்தனம் என்பதும் புரியும். உயரம் அப்படியே இருக்கும், சாய்வு நிதானமாக வரும், பள்ளம் தாண்டியதும் வண்டி ஒரே ஆட்டத்தில் அடங்கும்.

பில்ஸ்டைன் கம்பெனி டேம்பர்களில் பி4 என்பது ஒரிஜினலுக்கு மாற்று. பி6 அதே உயரத்துக்கான விறைப்பான மோனோடியூப் (ஒற்றைக் குழாய் டேம்பர்). பி8 குட்டை ஸ்பிரிங்குக்காகத் தண்டைக் குறைத்துச் செய்தது. ஒரிஜினல் ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு பி8 வாங்கிவிடாதீர்கள். பணம் போதாவிட்டால் பி4-ம் புது மவுண்ட்டும் போதும்; தேய்ந்த ஷாக்கிலிருந்து அதற்கு மாறினாலே வேறு வண்டி மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஸ்பிரிங்கை கம்ப்ரஸரில் அடக்காமல் மேல் நட்டைக் கழற்றக்கூடாது. முகத்துக்கு வரும்.

படி 5: ஸ்பிரிங், வேண்டுமென்றால் மட்டும்

முதலில் எவ்வளவு இடம் மிச்சம் என்று அளந்துவிடுங்கள். தூசி உறையை மேலே தூக்கி, டேம்பர் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, அடிவரை தள்ளிவிடுங்கள். வழக்கமாகப் போகும் ரோட்டில், வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று. தண்டு உள்ளே போகப் போக கேபிள் டை மேலே தள்ளப்படும். திரும்பி வந்து பாருங்கள். பம்ப் ஸ்டாப்பில் ஒட்டி நின்றால் உங்களிடம் இறக்குவதற்கு இடமே இல்லை. விரலளவு மிச்சம் இருந்தால் 15 மி.மீ. பற்றி யோசிக்கலாம். விதிப்படி கட்டிய வேகத்தடையே 10 செ.மீ. உயரம், தெருக்காரர்களே கொட்டியதற்கு அளவே கிடையாது.

அறுப்பது ஏன் கூடாது? ஆறு சுற்றில் ஒன்றை எடுத்தால் ஸ்பிரிங் 20 சதவீதம் விறைக்கும். ஆனால் டேம்பர் பழைய விறைப்புக்குச் செய்தது, போதாக்குறைக்கு அமுங்கும் தூரமும் குறைந்துவிடும். வண்டியைத் தூக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து, அது உட்கார்ந்திருக்கும் தட்டிலிருந்து விலகவும் கூடும்.

உயரத்தையோ டயர் அளவையோ மாற்றுமுன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவையும் இன்ஷூரன்ஸ்காரர் சொல்வதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பின் ஆன்டி ரோல் பார். மூக்கு வெளியே தள்ளுவதைக் குறைக்க மலிவான வழி, பீமோடு போல்ட் போட்டு மாட்டுவது. மழையில் வளைவுக்கு நடுவே சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சுற்றப் பார்க்கும். அதனால் டயர் புதிதான பிறகே இது. காயில்ஓவர் (திருகி உயரத்தை மாற்றும் ஸ்பிரிங்-டேம்பர் ஜோடி) இந்தப் பட்ஜெட்டில் வேண்டாம். மலிவானதில் திருக நிறைய இருக்கும், உள்ளே டேம்பர் சுமார்தான்.

எதை மாற்றினாலும் 500 கி.மீ. கழித்து போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கம் பாருங்கள், அலைன்மென்ட் மறுபடி செய்யுங்கள், கேபிள் டையை மறுபடி கீழே தள்ளிவிடுங்கள்.